வழங்கப்பட்ட கண்ணாடியும் அணியப்பட்ட கண்ணாடியும்

கண்ணின் தளர்ச்சிக்குத் தமிழில் பெயர்கள் குறைவில்லை. நாற்பதைக் கடந்தவருக்குக் கையிலிருக்கும் ஏடு மங்கினால் அதனை வெள்ளெழுத்து என்றனர். அதற்கே சாளேசரம் என்றொரு பெயரும் வழங்கியது; நாற்பது என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கன்னடத்தில் சாளீசு என்றால் அந்த வயதினர் அணியும் மூக்குக்கண்ணாடி. அந்தி சாய்ந்ததும் பார்வை மங்குவது மாலைக்கண். கருவிழியில் வெண்மை படர்ந்தால் கண்ணில் பூ விழுந்தது என்பர். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குச் சுவரில் எழுதிய எழுத்துத் தெரியாமற்போவதைச் சொல்ல, ஊர்வாய்க்கு எளிதில் வரும் பெயர் ஒன்றும் இல்லை.

அதற்கான காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்து கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். ஓலையைக் கையில் ஏந்திப் படித்தனர். எண்சுவடியை உரக்கச் சொல்லி மனத்தில் இருத்தினர். தொலைவுப் பொருள் மங்கலாகத் தெரியும் பிள்ளையும் அங்கே மற்றவருக்கு இணையாகக் கற்றிருக்க முடியும். கரும்பலகை வந்தபோது எழுத்து சுவருக்கு இடம்பெயர்ந்தது. ஆசிரியர் ஒருவர், பலகை ஒன்று, மாணவர் நாற்பதின்மர் என்னும் ஏற்பாட்டில், கற்றலுக்குப் புதிய தகுதி ஒன்று சேர்ந்துகொண்டது. கடைசி வரிசையிலிருந்தும் சுண்ணக்கோட்டைப் பிரித்தறியும் கண் வேண்டும் என்பதே அது. எந்தச் சேர்க்கைப் படிவத்திலும் அந்தத் தகுதி எழுதப்பட்டதில்லை.

பின்னர் வந்த பாடநூல் தமிழ் இக்குறைக்குக் கிட்டப்பார்வை என்று பெயரிட்டது. கிட்டத்தில் நன்றாகத் தெரியும், தொலைவில் தெரியாது என்பது அக்கலைச்சொல்லின் பொருள். பிள்ளைக்கு எது இருக்கிறதோ அதை வைத்து அமைந்த பெயர் இது. எது இல்லையோ அதைச் சொல்லவில்லை. ‘கிட்டப்பார்வைக் குறைபாடு’ என்று ஒரு சீட்டில் எழுதித் தந்தால், கிட்டத்தில் பார்ப்பதில்தான் குறை என்று பெற்றோர் பொருள்கொள்வது இயல்பு. ‘அவள்தான் புத்தகத்தை நன்றாகப் படிக்கிறாளே’ என்று அவர்கள் மறுப்பதும் இயல்பு. கன்னடத்தில் இதே குறை சமீபதிருஷ்டி எனப்படுகிறது. அதன் மறுதலையான தூரதிருஷ்டி என்னும் சொல்லோ, வருவதை முன்னுணரும் அறிவுக்கும் பெயராக வழங்குகிறது. கலைச்சொல் பிழையன்று; ஆனால் அது ஊர் மொழியோடு ஒட்டவில்லை.

குறைக்கு உரிய பெயர் வழக்கில் இல்லாதபோது, அவ்விடத்தில் வேறு பெயர்கள் வந்து அமர்கின்றன. மக்கு, மந்தம், கவனமில்லை, சோம்பல், ‘பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறது’ என்பன பள்ளிக்கூடத்தின் சொற்கள். அவை ஒவ்வொன்றும் கண்ணின் குறையை அறிவின் குறையாகவோ குணத்தின் குறையாகவோ பெயர்மாற்றுகின்றன. பிள்ளை அதனை மறுத்துப் பேசுவதும் இல்லை. மங்கலாகவே உலகைக் கண்டு வளர்ந்தவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு உலகம் இல்லை. மரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரியும் என்பதையே அறியாத பிள்ளை, ‘எனக்குத் தெரியவில்லை’ என்று எப்படிச் சொல்லும்? எல்லாருக்கும் இப்படித்தான் தெரிகிறது, அவர்களுக்கு மட்டும் எப்படியோ விளங்கிவிடுகிறது என்றே அது முடிவுகட்டும். ஆசிரியர் சூட்டிய பெயரைப் பிள்ளை தானே ஏற்றுக்கொள்ளும் இடம் இதுதான்.

அத்தகைய பிள்ளை எவற்றை இழக்கிறது என்பதை எழுத்தின் அளவில் பார்த்தால் இழப்பு இன்னும் தெளிவாகும். தமிழில் மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிப்பது ஒரு புள்ளி. எகரத்தையும் ஏகாரத்தையும் பிரிப்பது கீழே ஒரு சிறு கோடு. கன்னடத்தில் தகர வரிசையின் மெல்லோசை எழுத்துக்கும், மூச்சொலியோடு கூடிய அதன் இணைக்கும் இடையிலுள்ள வேறுபாடு அடியில் இடும் சிறு கீற்று. கணக்கிலோ, பதின்மப் புள்ளி இடம் மாறினால் விடையே பத்து மடங்கு மாறும். மங்கலான பார்வை முதலில் விழுங்குவது இத்தகைய சிறு குறிகளைத்தான். பாடத்தின் பெரும்பகுதியைக் காதால் கேட்டுச் சமாளித்துவிடும் பிள்ளை, இந்தப் புள்ளியிலும் கீற்றிலும் வழுக்கிவிழுகிறது. விடைத்தாளைத் திருத்துபவர் கண்ணில் படுவது பிழை மட்டுமே; பிழையின் காரணம் படுவதில்லை.

பெங்களூரின் அரசுப் பள்ளிகளில் இச்சிக்கலுக்கு மேலும் ஓர் அடுக்கு உண்டு. ஆனேக்கல், ஹொசகோட்டே, நெலமங்கலம் என நகரம் விரியும் பக்கமெல்லாம், ஊராகவே இருந்த இடங்கள் அரை நகரமாகி நிற்கின்றன. அங்குள்ள பள்ளி வகுப்பறையில் வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளையோடு தமிழும் தெலுங்கும் உருதும் பேசும் பிள்ளைகளும் அமர்ந்திருக்கின்றனர். வீட்டு மொழி ஒன்றும் பலகையின் மொழி வேறொன்றுமாக இருக்கும் பிள்ளை பின்தங்கினால், ஆசிரியருக்கு ஆயத்தமாக ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது: ‘மொழி தெரியவில்லை.’ அந்த விளக்கம் பல வேளைகளில் உண்மையாகவும் இருக்கும். அதனாலேயே, கண் தெரியாத பிள்ளை அதற்குள் எளிதாக மறைந்துபோகிறது.

கண் பரிசோதனை மட்டும் இந்த மொழிச் சிக்கலைக் கடந்துவிட்டது என்பது கருதத்தக்கது. நெதர்லாந்தின் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்ட எழுத்து அட்டைதான் இன்றுவரை பார்வையை அளக்கும் முறைக்கு அடிப்படை. ஆறு மீட்டரில் நின்று ஒருவர் படிக்கும் வரியை, இயல்பான பார்வையுடையவர் பதினெட்டு மீட்டரிலிருந்தே படிக்க முடியுமானால், முன்னவரின் பார்வை 6/18. எழுத்தறியாதவருக்கும் வேறு வரிவடிவம் பயின்றவருக்கும் உரிய அட்டையில் ஒரே ஓர் ஆங்கில எழுத்து, ‘ஈ’, நான்கு திசைகளில் திரும்பி நிற்கும். அதன் மூன்று கால்களும் எப்பக்கம் நீள்கின்றன என்று விரலால் காட்டினால் போதும். எந்த மொழிப் பிள்ளையையும் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். சோதனை எளிது என்பதால், அதற்குப் பிறகு நிகழ்வதே ஆராயத்தக்கதாகிறது.

அதனை ஆராய்ந்த சோதனைகளுள் குறிப்பிடத்தக்க ஒன்று பெங்களூரில் நடந்தது. லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசினைச் சேர்ந்த பிரியா மோர்ஜாரியா, கிளேர் கில்பர்ட் முதலியோர் 2015இல் பெங்களூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள அரசுப் பள்ளிகளில் அதனை நடத்தினர். முடிவுகள் 2017இல் ஜாமா ஆப்தல்மாலஜி இதழில் வெளிவந்தன. 11 முதல் 15 வயது வரையுள்ள 23,345 பிள்ளைகளின் பார்வை சோதிக்கப்பட்டது. இரு கண்ணிலும் பார்வை குறைந்திருந்தோர் 694 பேர். நூற்றுக்கு மூவர், வகுப்புக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களுள் 535 பேர் விரிவாகப் பரிசோதிக்கப்பட்டனர். 460 பேர் ஆய்வுக்குத் தகுதி பெற்றனர்.

ஆய்வு எழுப்பிய கேள்வி நடைமுறை சார்ந்தது. ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே அளந்து செய்யும் கண்ணாடி விலை கூடியது. செய்து வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். இரு கண்ணுக்கும் ஒரே அளவு வில்லையுடன் முன்பே செய்து வைத்த ஆயத்தக் கண்ணாடி மலிவானது. பரிசோதித்த இடத்திலேயே கொடுத்துவிடலாம். ஆனால் மலிவானது என்பதால் பிள்ளைகள் அதைக் கழற்றி வைத்துவிடுவார்களோ என்ற ஐயம் இருந்தது. எனவே சமவாய்ப்பு முறையில் பிள்ளைகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அளந்து செய்ததையும் மற்றதற்கு ஆயத்தமானதையும் கொடுத்தனர். மூன்று நான்கு மாதங்கள் கழித்து, முன்னறிவிப்பு இன்றிப் பள்ளிக்குச் சென்று, யார் அணிந்திருக்கிறார்கள் என்று பார்த்தனர்.

இம்முறை பிள்ளையிடம் ‘அணிகிறாயா’ என்று கேட்பதோடு நிற்கவில்லை என்பதை ஆய்வு மாணவர்கள் கவனிக்க வேண்டும். கேட்டால் பிள்ளை ஆம் என்றே சொல்லும். கொடுத்தவர் வந்து கேட்கும்போது இல்லை என்பது மரியாதைக்குறைவு என்று அதற்குத் தெரியும். சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை எண்ணியே ஆய்வாளர்கள் சொல்லாமல் வந்து பார்த்தார்கள்.

ஆயத்தக் கண்ணாடி பெற்றவருள் தேடிக் காண முடிந்தோர் 184, அணிந்திருந்தோர் 139, அதாவது 75.5 விழுக்காடு. அளந்து செய்த கண்ணாடி பெற்றவருள் காண முடிந்தோர் 178, அணிந்திருந்தோர் 131, அதாவது 73.6 விழுக்காடு. மலிவான கண்ணாடி அணியப்படுவதில் சிறிதும் தாழவில்லை. பார்வைக் குறையுடன் பரிசோதிக்கப்பட்ட பிள்ளைகளுள் 86 விழுக்காட்டினருக்கு ஆயத்தக் கண்ணாடியே பொருந்தும் என்பதும் இதனால் தெரிந்தது. குறைந்த நிதியில் நிறையப் பிள்ளைகளைச் சென்றடைய வேண்டிய ஒரு நாட்டுக்கு இது மிக நல்ல செய்தி. தொழில்நுட்பத்தின் பக்கம் தடை அவ்வளவாக இல்லை. கண்ணாடி வில்லை தொலைதூரத்துப் பொருளும் அன்று. டைட்டன் நிறுவனத்தின் வில்லைக் கூடமே பெங்களூரை அடுத்த சிக்கபள்ளாபுரத்தில் இருக்கிறது.

எனினும் அதே அட்டவணையை மறுபக்கமாகவும் படிக்கலாம். காண முடிந்த 362 பிள்ளைகளுள் 92 பேர் அணிந்திருக்கவில்லை. நால்வரில் ஒருவர். கண்ணாடி இலவசம், பரிசோதனை பள்ளியிலேயே, கடந்தது சில மாதங்கள்தாம். இத்தனை வசதி செய்தும் நான்கில் ஒரு பங்குக் கண்ணாடிகள் முகத்தில் இல்லை. மலிவானதோ அளந்ததோ, எதுவாயினும் அந்த நான்கில் ஒன்று மாறவில்லை என்பதால், காரணம் கண்ணாடியில் இல்லை என்றாகிறது.

காரணத்தை அக்குழுவினரே 2019இல் வெளியிட்ட தொடர்கட்டுரை ஆராய்ந்தது. பார்வை 6/18க்கும் கீழாக இருந்த பிள்ளைகள், சிறு குறையுடையவரைக் காட்டிலும் அணியும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. கண்ணாடியின் பயன் கண்கூடாகத் தெரிந்தவர்கள் அதை விடவில்லை. அணியாதவர்கள் சொன்ன முதன்மையான காரணம் கேலி. உடன்பயிலும் பிள்ளைகள் கிண்டல் செய்கின்றனர், சீண்டுகின்றனர் என்பதே அது. பெற்றோர் விரும்பவில்லை என்ற காரணம் பெண்பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்பட்டது.

அந்தக் கேலிக்கு ஒரு சொல்வளம் உண்டு. தமிழ்ப் பள்ளிகளில் பயின்ற எவருக்கும் ‘சோடாபுட்டி’யை விளக்க வேண்டியதில்லை. தடித்த சோடாப் புட்டியின் அடிப்பாகத்தை வில்லைக்கு உவமையாக்கிய சொல் அது. திரைப்படத்தில் கண்ணாடி அணிந்த பிள்ளை நெடுங்காலம் ஒன்று படிப்பாளி, அல்லது ஏமாளி. இரண்டும் சிரிப்புக்கு உரிய பாத்திரங்கள். பெண்பிள்ளை என்றால் சொல் இன்னும் முன்னோக்கிப் போகும்: ‘இப்போதே கண்ணாடி போட்டால் நாளைக்கு யார் கட்டுவார்கள்?’ ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பார்வையைப் பற்றிய பேச்சு, ஒரே வாக்கியத்தில் அவளுடைய திருமணத்தைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. பெற்றோரைக் கல்லாதவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் அஞ்சும் சமூகம் உண்மையாகவே இருக்கிறது. அவர்களின் கணிப்பு தவறு என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் அந்தச் சமூகத்துக்குத்தான் உண்டு.

ஊரகத்துக்கு இது மேலும் பொருந்தும். 2002இல் வெளியான இரண்டு இந்திய ஆய்வுகளில், புதுதில்லி நகரப் பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை 7.4 விழுக்காடு, அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகர் மாவட்டத்து ஊரகப் பிள்ளைகளிடம் 4.1 விழுக்காடு. ஊரில் குறை அரிது என்று இதைப் படித்து ஆறுதல் அடையலாம். வகுப்பறையிலிருந்து பார்த்தால் அதே எண் வேறு பொருள் தரும். நகரத்துத் தனியார் பள்ளியில் வரிசைக்கு ஒருவர் கண்ணாடி அணிந்திருந்தால் அது எவர் கண்ணையும் உறுத்தாது. நாற்பது பேருள் ஒரே ஒருவர் அணிந்திருந்தால் அவரே காட்சிப்பொருள். குறை அரிதாக இருக்கும் இடத்தில்தான் அதைத் திருத்திக்கொள்வது கடினமாகிறது. கண்ணாடி உடைந்தால் மாற்றுவதற்கும் அங்கே வழி குறைவு. கடை வட்டத் தலைநகரில் இருக்கும். அங்கே சென்றுவர ஒருநாள் கூலியை விட வேண்டும். வளரும் கண்ணின் அளவும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒருமுறை கொடுத்த கண்ணாடி ஓரிரு ஆண்டுகளில் பழைய கண்ணுக்கு உரியதாகிவிடும்.

கண்ணாடி முகத்தில் இருந்தால் படிப்பு உண்மையிலேயே உயருமா என்ற கேள்விக்குச் சீனாவில் கிடைத்த விடை தெளிவானது. 2014இல் பிஎம்ஜே இதழில் வெளிவந்த ஆய்வு, கான்சு, ஷான்சி பகுதிகளின் 252 தொடக்கப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர் 19,934 பேரைச் சோதித்தது. கண்ணாடி தேவைப்பட்டோர் 3,177 பேர். இலவசக் கண்ணாடி பெற்ற பள்ளிகளின் பிள்ளைகள், ஆண்டிறுதிக் கணக்குத் தேர்வில் 0.11 திட்டவிலக்கம் கூடுதலாகப் பெற்றனர். எண் சிறிது. ஆனால் அது எதன் சராசரி என்று பார்க்க வேண்டும். கண்ணாடி பெற்ற குழுவில் நேரில் கண்டபோது அணிந்திருந்தோர் 41 விழுக்காடு. இலவசக் கண்ணாடி பெறாத குழுவிலும் 26 விழுக்காட்டினர் அணிந்திருந்தனர். இரு குழுவுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு நூற்றுக்குப் பதினைந்து முகங்கள்தாம். அவ்வளவு சிறிய மாற்றமே முழுக்குழுவின் சராசரியையும் நகர்த்தியது என்றால், அணிந்த பிள்ளைக்குக் கிடைத்த பயன் சராசரி காட்டுவதைவிடப் பெரிதாகவே இருக்க வேண்டும். அதே கான்சுவில் 2004இல் நடந்த முந்தைய சோதனையில், இலவசமாகக் கொடுத்தபோதே பத்தில் மூவர் அளவில் வேண்டாம் என்று மறுத்திருந்தனர்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் 2,304 மாணவரைக் கொண்டு நடந்து 2021இல் வெளியான ஆய்வு இன்னும் இரண்டு செய்திகளைச் சேர்த்தது. முதலாண்டில் வாசிப்பு மதிப்பெண் உயர்ந்தது. வகுப்பில் மிகவும் பின்தங்கியிருந்தவரிடமே உயர்வு மிகுதி. மந்தம் என்று பெயரிடப்பட்ட பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அப்பெயர் பொருந்தாது என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது. இரண்டாம் செய்தி வருத்தத்துக்குரியது. அடுத்த ஆண்டு அந்த உயர்வு நிலைக்கவில்லை. பயன் கண்ணாடியோடு ஒட்டியது. கண்ணாடி முகத்தை விட்டு நீங்கினால் பயனும் நீங்கும்.

இந்தியாவில் திட்டங்களுக்குக் குறைவில்லை. பார்வையிழப்பைத் தடுப்பதற்கான தேசியத் திட்டம் 1976இல் தொடங்கியது. பள்ளிக் கண் பரிசோதனை அதன் ஒரு கூறு. 2009இல் தமிழ்நாடு கண்ணொளி காப்போம் திட்டத்தைத் தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி அளித்தது. 2013இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் பதினெட்டு வயது வரையுள்ளோரின் உடல்நலச் சோதனையில் பார்வையையும் சேர்த்தது. கர்நாடகம் ஆஷாகிரண என்னும் பெயரில் கண் பரிசோதனையையும் இலவசக் கண்ணாடியையும் ஊர்தோறும் கொண்டுசெல்லத் தலைப்பட்டது. இவற்றால் பயன்பெற்ற பிள்ளைகள் ஏராளம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இத்தகைய திட்டங்களின் அறிக்கைகள் எந்த மொழியில் எழுதப்பட்டாலும் வினைமுற்று ஒன்றே: ‘கண்ணாடிகள் வழங்கப்பட்டன.’ செயப்பாட்டுவினை, இறந்தகாலம், முற்றுப்பெற்ற செயல். அவ்வாக்கியத்தில் செய்பவர் அரசு, செயப்படுபொருள் கண்ணாடி. பிள்ளை பெரும்பாலும் நான்காம் வேற்றுமையில் ஓர் ஓரமாக நிற்கும். அணிதல் என்பது அப்படிப்பட்ட வினை அன்று. அது நாள்தோறும் நிகழ வேண்டியது. அதன் எழுவாய் பிள்ளை. அதன் காலம் தொடர் நிகழ்காலம். ‘பிள்ளைகள் அணிந்து வருகிறார்கள்’ என்ற வாக்கியத்தை எழுத எந்தப் படிவத்திலும் இடம் இல்லாதபோது, அதை அறிந்துகொள்ளும் கடமையும் எவருக்கும் இல்லாமற்போகிறது. பெங்களூர் ஆய்வின் சிறப்பு, வழங்கியதோடு நில்லாமல் மீண்டும் சென்று பார்த்ததே. அந்த இரண்டாம் வருகை ஆய்வு முறையிலிருந்து திட்ட முறைக்குள் வர வேண்டும்.

அதற்காக, விளக்கிச் சொன்னால் போதும் என்று எண்ணிவிடவும் கூடாது. பெங்களூர் ஆய்வுக்குப் பிறகு அக்குழுவினர் ஹைதராபாதில் மற்றொரு சோதனை செய்தனர். மங்கலான பார்வைக்கு வகுப்பறை எப்படித் தோன்றும் என்பதைக் காட்டும் படங்களைப் பீக் என்னும் செல்பேசிச் செயலியின் உதவியுடன் உருவாக்கி, ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் விழிப்புணர்வு ஊட்டினர். 2020இல் வெளிவந்த முடிவு, விழிப்புணர்வு பெற்ற குழுவும் பெறாத குழுவும் அணிவதில் ஐயத்துக்கிடமின்றி வேறுபட்டன என்று காட்டவில்லை. இரண்டிலும் ஏறக்குறையப் பாதிப் பேரே அணிந்திருந்தனர். எண்ணித் திட்டமிட்ட நல்ல முயற்சிதான். ஆயினும் வெளியிலிருந்து ஒருமுறை வந்து போகும் சொல், உள்ளே நாள்தோறும் ஒலிக்கும் சொல்லை வென்றுவிடவில்லை.

உள்ளே இருப்பவரின் பங்கைச் சீனாவின் வேறொரு சோதனை காட்டியது. ஷாங்காய் முதலிய நகரங்களில், இடம்பெயர்ந்த தொழிலாளரின் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளில் இலவசக் கண்ணாடியோடு ஆசிரியருக்கும் ஓர் ஊக்கம் அளிக்கப்பட்டது. முன்னறிவிப்பற்ற வருகையின்போது கண்ணாடி பெற்ற பிள்ளைகளுள் 80 விழுக்காட்டினர் அணிந்திருந்தால் வகுப்பாசிரியருக்குக் கைக்கணினி ஒன்று பரிசு. ஆறு மாதங்கள் கழித்து அணிந்திருந்தோர் 68.3 விழுக்காடு, மருந்துச்சீட்டு மட்டும் பெற்ற ஒப்பீட்டுக் குழுவில் 23.9 விழுக்காடு. கண்ணாடியும் ஊக்கமும் ஒருசேரக் கொடுக்கப்பட்டதால் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. இருப்பினும் நாள்தோறும் வகுப்பில் நிற்கும் ஒருவர் பொறுப்பேற்றபோது கண்ணாடிகள் முகத்தில் நிலைத்தன என்பது நோக்கத்தக்கது. பரிசு கொடுத்து ஆசிரியரை ஈர்க்க வேண்டுமா என்பது தனி விவாதம். ஆசிரியரின் ஒரு சொல்லுக்கு வகுப்பறையில் இருக்கும் எடை மட்டும் விவாதத்துக்கு உரியதன்று. ‘சோடாபுட்டி’ என்று ஒரு பிள்ளை கூவும்போது ஆசிரியரும் சேர்ந்து சிரித்தால் அன்றே அந்தக் கண்ணாடி பைக்குள் போய்விடும். அவர் சிரிக்காமல், ‘கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்த வரியைப் படி அம்மா’ என்றால், அதே கண்ணாடி அன்று வகுப்பின் உடைமையாகிவிடும்.

ஆய்வு மாணவரும் வருங்கால ஆசிரியரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உண்டு. கற்றல் அடைவை ஊரகப் பள்ளிகளில் அளக்கும் எந்த ஆய்வும், தாய்மொழி, பெற்றோர் கல்வி, வருவாய் என்று நிரப்பும் அட்டவணையில் பார்வைக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். இல்லையேல் கண்ணின் விளைவை மொழியின் மேலோ குடும்பத்தின் மேலோ ஏற்றிச் சொல்லும் பிழை நேரும். கலைச்சொல் ஆக்குவோர் கிட்டப்பார்வை என்ற பெயரோடு நிற்காமல், ‘தூரத்து எழுத்து தெரியவில்லை’ என்று ஒரு தாய்க்கு விளங்கும் தொடரையும் மருந்துச்சீட்டில் சேர்க்க வேண்டும். திட்டம் வகுப்போர் வழங்கிய எண்ணிக்கைக்குப் பக்கத்தில் மூன்று மாதம் கழித்து அணிந்திருந்தோர் எண்ணிக்கையையும் கேட்க வேண்டும். ஆயத்தக் கண்ணாடியால் மிஞ்சும் பணம், உடைந்ததற்கு மாற்றுக் கொடுக்கவும் மறுபரிசோதனை செய்யவும் போதுமா என்பதும் கணக்கிடத்தக்கது.

இவை யாவும் நடந்தேறக் காலம் ஆகும். காத்திருக்கத் தேவையில்லாத ஒரு செயல் ஒவ்வொரு வகுப்பாசிரியர் கையிலும் இருக்கிறது. கல்வியாண்டின் தொடக்கத்தில் பலகையில் நான்கு வரி எழுதி, கடைசி வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாக நிற்கவைத்து, ஒரு கண்ணை மூடியும் மறுகண்ணை மூடியும் படிக்கச் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கு அது ஈடாகாது. ஆனால் யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். ஒரு பாடவேளை போதும். ஒரு பிள்ளையை மக்கு என்று பதிவேட்டிலோ மனத்திலோ எழுதுவதற்கு முன்பு அந்த ஒரு பாடவேளையைச் செலவிடுவது, ஆசிரியத் தொழிலின் மிகக் குறைந்த கடமை.